நிலவின் ஓரம் ஏன் மங்கவில்லை?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: "கணினிப் பார்வைத் துறையில் ஆராய்ச்சியாளராக வேண்டும் என்று ஆசை. செயற்கை நுண்ணறிவு தெரிந்தால் போதும், லென்ஸ், ஒளியியல் எல்லாம் பழைய சரக்கு என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா சார்?"

இல்லை தம்பி. ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். ஸ்ரீ நாயர், படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கணினிக்குக் கற்றுத்தரும் கணினிப் பார்வைத் துறையின் ஆராய்ச்சியாளர். 'ஸ்ரீ' என்பது நான் சேர்த்த அடைமொழி அல்ல, அவர் பெயரே அதுதான். ராஞ்சி அருகே மேஸ்ராவில் மின்பொறியியல் படித்தார். பிறகு அமெரிக்கா; 1990இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அடுத்த ஆண்டிலிருந்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இந்த விவரமெல்லாம் இணையத்திலேயே கிடைக்கும். அவர் என்ன கேள்வி கேட்டார் என்பதுதான் முக்கியம்.

ஓவிய வகுப்பில் பந்து வரையச் சொன்னால் என்ன செய்வோம்? நடுவில் வெளிச்சம் விட்டு, ஓரத்தைக் கருப்பாக்குவோம். 18ஆம் நூற்றாண்டில் லாம்பர்ட் என்ற கணித அறிஞர் வகுத்த விதியும் அதையே சொல்கிறது: ஒளி சாய்ந்து விழும் இடம் மங்கும். ஆனால் பௌர்ணமி நிலவைப் பாருங்கள். ஓரம் மங்குவதில்லை, தட்டையான தோசை போலத்தான் தெரிகிறது. ஏன்?

இதோ, இந்த மண்பானையைப் பாருங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடிக்கிறேன். பானையின் வளைவே தெரியவில்லை அல்லவா? மண்பரப்பு சொரசொரப்பானது. ஓரத்திலும் சின்னச் சின்ன மேடுகள் இருக்கின்றன. அவற்றில் டார்ச்சைப் பார்த்தபடி இருக்கும் பக்கங்கள்தான் நம் கண்ணில் படுகின்றன. நிழல் விழுந்த பக்கங்கள் மறைந்துகொள்கின்றன. முழுநிலவன்று சூரியன் நம் முதுகுப் பக்கம் இருப்பதால் அங்கும் இதே கதைதான். நாயரும் அவருடைய மாணவர் மைக்கேல் ஓரனும் 1994இல் இதற்குச் சமன்பாடு கொடுத்தார்கள். பிளெண்டர் போன்ற வரைகலை மென்பொருள்களில் இன்றும் அது இருக்கிறது.

இன்னொன்று. ஜன்னலுக்கு முன் ஒருவரை நிறுத்திப் படம் எடுத்தால் முகம் கருத்துவிடும். முகத்தைச் சரிசெய்தால் ஜன்னல் வெளுத்துவிடும். கேமராவுக்குள் ஒளியைக் கூடுதலாக விட்டு ஒன்று, குறைவாக விட்டு ஒன்று என்று இரண்டு படம் எடுத்து ஒட்டலாம்தான். அதற்குள் ஆள் தலையை ஆட்டினால் படத்தில் பேய் மாதிரி இரட்டை உருவம் நிற்கும். சோனி நிறுவனத்தின் மிட்சுனாகாவோடு சேர்ந்து நாயர் 2000இல் சொன்ன வழி வேறு. கேமராவில் ஒளியைப் பதியும் சில்லான சென்சாரில், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு, அதாவது ஒளி பதியும் குட்டிப் புள்ளிகளுக்கு, வெவ்வேறு உணர்திறன் கொடுத்துவிடுங்கள், ஒரே கிளிக்கில் இரண்டும் கிடைக்கும் என்றார். நுணுக்கம் கொஞ்சம் குறையும். அதைக் கணக்குப் போட்டு மீட்டுக்கொள்ளலாம். எடுத்த படத்தைத் திருத்துவதோடு நிற்காமல் எடுக்கும் கருவியிலேயே கை வைத்தார் பாருங்கள், எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான். ஒளி எங்கே தொலைகிறது என்று தெரியாதவருக்கு இந்த யோசனை எங்கிருந்து வரும்? சென்சாரில் பதியாமல் போன முகத்தைச் செயற்கை நுண்ணறிவு ஊகித்து வரையலாம். ஆனால் அது அவர் முகமாக இருக்க வேண்டுமே!

2015இல் அவர் குழு ஒரு கேமரா செய்தது. ஒளியை மின்னாக்கும் வேலையைச் சூரியத் தகடும் செய்கிறது, கேமரா பிக்சலும் செய்கிறது. அப்படியானால் ஒரே பிக்சல் கொஞ்ச நேரம் படம் எடுத்து, மீதி நேரம் தனக்கான மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டால் என்ன? பேட்டரியே இல்லாமல், வீட்டு வெளிச்சத்தில், நொடிக்கு ஒரு படம். அகலமும் உயரமுமாக வெறும் 40, 30 பிக்சல். கல்யாண வீட்டுக்கு ஆகாது. ஆனாலும் எனக்கு அதன்மேல் ஒரு மோகம்.

ஆகவே ஒளியியலையும், இந்தக் கணக்குகளுக்கு வேண்டிய நேரியல் இயற்கணிதத்தையும் தேர்வோடு மறந்துவிடாதீர்கள். நாயரின் பாடங்கள் யூடியூபில் இலவசமாகவே இருக்கின்றன. படம் எப்படி உருவாகிறது என்பதிலிருந்துதான் அவரும் தொடங்குகிறார். எந்த இடத்தில் புரியவில்லையோ, அங்கே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.