இந்தோக்ஸிகாதோ என்றால் போதையா?

வணக்கம் நேயர்களே. ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கவிதை, நாவல் பக்கம் நான் போகப் போவதில்லை, எனக்குப் பித்து அன்றாடப் பேச்சின்மேல்தான். உடம்புக்கு என்ன, சம்பளம் எப்போது, எத்தனை மணிக்கு வருவாய் என்கிற மாதிரிப் பேச்சு. கடினமான சொல் வந்தால் யாராக இருந்தாலும் அகராதியைப் புரட்டிவிடுவார்கள். ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருக்கிறதே, அந்தச் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

அப்படிக் கவிழ்ந்த கதை ஒன்று. எங்கே பேசக் கூப்பிட்டாலும் இதைச் சொல்லாமல் வரமாட்டேன், ஏற்கெனவே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1980, அமெரிக்காவில் ஃபுளோரிடா. வில்லி ரமீரெஸ் என்று 18 வயதுப் பையன், பேஸ்பால் ஆடுகிறவன், நினைவு தப்பிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். கியூபாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் நினைக்கிறார்கள். கியூபாக்காரர்கள் அதை இந்தோக்ஸிகாதோ என்பார்கள், உணவிலோ பானத்திலோ ஏதோ சேராமல் உடம்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இன்டாக்ஸிகேட்டட் என்று ஒரு சொல் இருக்கிறதே, கேட்டால் இரண்டும் கூடப்பிறந்தவை மாதிரிதான் இருக்கும். ஆனால் அதற்குப் போதை என்று பொருள். டாக்டர்கள் போதை மருந்து அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அதற்கு வைத்தியம் பார்த்தார்கள். உள்ளே நடந்துகொண்டிருந்தது மூளையில் ரத்தக்கசிவு. அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது, கை கால் நான்கும் செயலிழந்துவிட்டன. வழக்கு நடந்தது, அவர் ஆயுளுக்கும் சேர்த்துக் கணக்கிட்ட இழப்பீடு சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் எது தெரியுமா? முறையான மொழிபெயர்ப்பாளரை யாரும் கேட்கவே இல்லை. பேசியது புரிந்துவிட்டது என்று இரண்டு பக்கமும் நம்பியது. வீட்டார் நினைத்த காரணமும் தப்புதான், சாப்பாட்டில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆனாலும் "எதையோ சாப்பிட்டான், அதிலிருந்து உடம்பு சரியில்லை என்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் நீட்டிச் சொல்லியிருந்தால், போதை என்ற பேச்சு அந்தச் சொல் வழியாக உள்ளே வந்திருக்காது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் வைக்க வேண்டும் என்று என்ன சட்டமா இருக்கிறது? ஏழெட்டுச் சொல் செலவானால் ஆகட்டும்.

இதையே சம்பளத்தில் பாருங்கள். ஸ்பானிஷில் கின்ஸே தியாஸ் என்றால் சொல்படி பதினைந்து நாள், பேச்சில் இரண்டு வாரம். ஆங்கிலத்தில் "பதினைந்து நாளில்" என்று போட்டால், கேட்கிறவர் காலண்டரில் பதினைந்தாவது நாளை எண்ணிக்கொண்டிருப்பார். அப்புறம் மெக்ஸிகோவில் கின்ஸேனா என்று சம்பளம் வாங்குவார்கள், மாதத்துக்கு இரண்டு முறை. அதைச் சிலர் பைவீக்லி என்று பெயர்த்துவிடுகிறார்கள். அந்த ஆங்கிலச் சொல்லே இரட்டை வேடம், வாரம் இரண்டு முறையும் அதுதான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் அதுதான். சரி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றே எடுத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 26 சம்பளம் வரும், மாதம் இரண்டு என்றால் 24. மாதத்துக்கு இரண்டு முறை என்று பச்சையாக எழுதிவிட்டால் தீர்ந்தது.

மெக்ஸிகோவின் அஓரித்தா இன்னொரு வம்பு. இந்த நொடியே என்றும் ஆகும், கொஞ்ச நேரத்தில் என்றும் ஆகும், சொல்கிறவர் குரலைப் பொறுத்து நடக்கவே நடக்காது என்றும் ஆகும். ரைட் நவ் என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். முடிந்தால் அந்த ஆளிடமே எத்தனை மணிக்கு என்று கேட்டு மணியை எழுதுங்கள்.

ஸு என்கிற குட்டிச் சொல்லைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், நேரம் ஓடிவிட்டது. அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, உங்களுடைய, எல்லாமே ஸுதான். யாருடையது என்று தெரியாவிட்டால் பெயரையே போட்டுவிடுங்கள்.

எதிர்த் திசையிலும் ஒன்று, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மருந்துச் சீட்டில் ஒரு முறை என்பதற்கு ஆங்கிலத்தில் ஒன்ஸ் என்று எழுதுகிறோம் அல்லவா, அதே நான்கு எழுத்தை ஸ்பானிஷ்காரர் ஓன்ஸே என்று படிப்பார். அவருக்கு அது பதினொன்று. அதனால் அங்கே 1 என்று எண்ணிலேயே எழுதச் சொல்லுங்கள். பில்லியனும் அப்படித்தான், ஆங்கிலத்தில் நூறு கோடி, ஸ்பானிஷ் பில்லோன் லட்சம் கோடி. மீதி இன்னொரு நாள், வணக்கம்.