அழைப்பின் நடுவே திரை கறுத்துவிடுகிறதா? அதை அணைப்பவர் நீங்கள் அல்லர்!

வணக்கம். வங்கியின் சேவை எண்ணை அழைக்கிறீர்கள். ‘தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்’ என்ற குரலைக் கேட்டுப் போனைக் காதிலிருந்து எடுத்தால், திரை கறுப்பாகவே கிடக்கிறது. நீங்கள் தட்டித் தடவிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு துண்டிக்கப்படுகிறது. வங்கியைத் திட்டாதீர்கள். குற்றவாளி, போனின் மேல் விளிம்பில் ஒளிந்திருந்து, முகம் அருகில் வந்தால் திரையை அணைக்கும் ப்ராக்ஸிமிட்டி சென்சார்.

கன்னம் பட்டு அழைப்பு துண்டிக்கப்படாமல் இருக்க, 2007இல் வந்த முதல் ஐபோனிலேயே இது இடம்பெற்றுவிட்டது.

பெரும்பாலான போன்களில் ஒரு சிறு எல்இடி அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. அது முகத்தில் பட்டுத் திரும்பினால், பக்கத்திலுள்ள உணரி ‘அருகில்’ என்கிறது, திரும்பாவிட்டால் ‘தொலைவில்’ என்கிறது. சென்சாரின் மேல் சரியாகப் பொருந்தாத டெம்பர்டு கிளாஸை ஒட்டினால், ஒளி அந்தக் கண்ணாடியிலேயே பட்டுத் திரும்புவதால், போனை மேசைமேல் வைத்தாலும் அது கன்னம் என்றே நம்பிக்கொண்டிருக்கும். இந்த ஒளியை நீங்களே பார்க்கலாம்: இருட்டறையில் ஓர் அழைப்பைத் தொடங்கி, அந்தப் போனின் மேல் விளிம்பை இன்னொரு போனின் செல்ஃபி கேமரா வழியே நோக்கினால், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஊதாப் புள்ளியொன்று பல போன்களில் துடிப்பது தெரியும். எனக்கு இது இன்றும் அலுக்காத வேடிக்கை. 2016இல் ஷாவ்மி, மி மிக்ஸ் போனில் திரையை மேல்விளிம்பு வரை இழுத்துவிட்டு, வழக்கமான சென்சாருக்கு இடமில்லாமல், காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டது. அதாவது காதோரம் ஒரு வௌவாலையே வைத்தது!

சரி, இந்தச் சென்சாரை நாம் கட்டுப்படுத்த முடியுமா? ஐபோன் 4 வாங்கியவர்கள், சென்சார் சரியாக இயங்காமல் பேசும்போதே கன்னம் பட்டு அழைப்பு துண்டிக்கப்படும் தொல்லை தீர, 2010 செப்டம்பரில் ஐஓஎஸ் 4.1 என்ற மென்பொருள் அப்டேட் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைவான அமைப்புப் பகுதியில் எல்லா சென்சார்களையும் ஒருசேர அணைக்கும் பொத்தானைச் சேர்க்கலாம். ஆனால் கேமராவும் மைக்கும் சேர்ந்தே அணைந்துவிடும் என்பதால், அழைப்பின்போது அதனால் பயனில்லை. ஷாவ்மியின் எம்ஐயூஐ என்ற மென்பொருள் கொண்ட போன்கள் சிலவற்றில் அழைப்பு அமைப்புகளுக்குள் இந்தச் சென்சாருக்கென்றே தனிச் சுவிட்ச் இருந்தது. இது எல்லா போன்களிலும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. இயல்பாகச் சென்சார் இயங்கட்டும். ஆனால் சென்சார் பழுதானவரும், ஸ்பீக்கரில் மட்டுமே பேசுபவரும், அதை அணைக்கவோ ‘அருகில்’ என்பதற்கான தூரத்தைக் குறைக்கவோ ஏன் கூடாது?

உங்கள் போனின் அழைப்பு அமைப்புகளில் அப்படியொரு சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து, மாடல் பெயரோடு கமென்ட்டில் எழுதுங்கள். திரை கறுத்தே கிடந்தால், சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்குமுன் டெம்பர்டு கிளாஸை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.