கொதிக்கக் கூடாத குழம்பு: என் சமையலறையில் பீஃப் ஸ்ட்ரோகனாஃப்

அனைவருக்கும் வணக்கம். ரஷ்யாவின் வோல்கோகிராத் நகரில் இருக்கும் என் வாடகை வீட்டுச் சமையலறையிலிருந்து பேசுகிறேன். மருத்துவம் படிக்க இங்கு வந்தபின் இது எனக்கு நான்காவது குளிர்காலம். வந்த முதல் மாதத்தில் ஓர் உணவகத்தில், பிசைந்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிக் கொடுத்த பீஃப் ஸ்ட்ரோகனாஃபைத்தான் இன்று சமைக்கப் போகிறேன். மாட்டிறைச்சியும் காளானும் ‘ஸ்மெத்தானா’ என்று இவர்கள் சொல்லும் புளித்த பாலாடையும் சேர்ந்த ரஷ்ய உணவு இது. அரை மணி நேர வேலைதான். ஆனால் வெங்காயத்தை வதக்கி, கறியைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் பழகிய நம் கைக்கு இது நேர் எதிரான சமையல்.

நான்கு பேருக்கு அரை கிலோ இறைச்சி எடுத்திருக்கிறேன். முதுகெலும்பின் உட்புறத்தை ஒட்டியிருக்கும் மென்மையான பகுதி இது. நம் ஊர் கடைகளில் ‘அண்டர்கட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். இங்கு அருகில் வந்து பாருங்கள்: நார்கள் இடமிருந்து வலமாக ஓடுகின்றன. கத்தி அவற்றைக் குறுக்கே வெட்ட வேண்டும். நாரின் போக்கிலேயே நறுக்கினால் எவ்வளவு நல்ல இறைச்சியாக இருந்தாலும் வாயில் கயிறு போல இழுக்கும். சுண்டுவிரலில் பாதிப் பருமனுக்கு நறுக்கி, காகிதத் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுகிறேன்.

இரும்புச் சட்டியில் எண்ணெய் புகையத் தொடங்கும்போது மூன்றில் ஒரு பங்கு இறைச்சியை மட்டும் பரப்புகிறேன். முழுவதையும் ஒரே சமயத்தில் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கிவிடும், இறைச்சி தண்ணீர் விட்டு அந்தத் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகும். நமக்கு வேண்டியது வெளியில் பழுப்பு நிறமும் உள்ளே சற்று இளஞ்சிவப்பும். ஒவ்வொரு பங்குக்கும் ஒன்றரை நிமிடம் போதும். எடுத்துத் தட்டில் வைத்துவிடுகிறேன். அதில் வடியும் சாற்றைக் கீழே ஊற்றிவிடாதீர்கள்.

அதே சட்டியில் வெண்ணெயும் 300 கிராம் பட்டன் காளானும் போடுகிறேன். காளானில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது வெளியேறி வற்றும் வரை காளான் வதங்காது, வேக மட்டுமே செய்யும். ஆகவே கண்ணைவிடக் காதை நம்புங்கள். இப்போது சளசளவென்று கேட்கிறது. சில நிமிடங்களில் அந்தச் சத்தம் சடசடவென்று மாறும்போது தண்ணீர் போய்விட்டது என்று பொருள், உப்பும் அப்போதுதான். பிறகு நீளவாக்கில் நறுக்கிய இரண்டு வெங்காயம் சேர்க்கிறேன், அது பொன்னிறமாக வேண்டியதில்லை, கண்ணாடி போலானால் போதும்.

வெங்காயம் வதங்குவதற்குள் ஒரு செய்தி. இந்த உணவில் காளான் பிற்பாடு வந்து சேர்ந்தது. எலேனா மொலோகவெத்ஸ் ரஷ்ய இல்லத்தரசிகளுக்காக எழுதிய புகழ்பெற்ற சமையல் நூலின் 1871ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தச் செய்முறை இருக்கிறது, அதில் காளானும் இல்லை, வெங்காயமும் இல்லை. சிறு துண்டுகளாக நறுக்கிய இறைச்சியில் உப்பும் சர்வசுகந்தித் தூளும் (ஆல்ஸ்பைஸ்) தூவி இரண்டு மணி நேரம் வைத்து, வெண்ணெயில் மாவு வறுத்து, இறைச்சி வேகவைத்து வடித்த சாறும் கடுகு விழுதும் சேர்த்து, இறுதியில் இரண்டே கரண்டி ஸ்மெத்தானா விடச் சொல்கிறார். ஸ்ட்ரோகனவ் பிரபுக் குடும்பத்தின் சமையல்காரர் ஒருவர் 1891இல் ஒரு போட்டிக்காக இதைக் கண்டுபிடித்தார் என்று இணையத்தில் சுற்றும் கதை, இருபது ஆண்டுகளுக்கு முன்பே அச்சான இந்தச் செய்முறையின் முன் நிற்காது.

அந்த நூலில் கடுகு என்று பொதுவாகச் சொல்லவில்லை, ‘சரெப்தா கடுகு’ என்று ஊர்ப் பெயரோடு சொல்லியிருக்கிறது. சரெப்தா 1765இல் மொராவியச் சபை என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் அமைத்த குடியிருப்பு, இன்று இதே வோல்கோகிராதின் தெற்கு முனையில் ஒரு பகுதி. அங்கு விளைந்த கடுகு நம் அஞ்சறைப்பெட்டியில் தாளிக்கக் காத்திருக்கும் கடுகின் இனமே என்று அறிந்த நாளிலிருந்து இந்தக் குழம்பு எனக்குப் பாதி சொந்தமாகிவிட்டது. அதனால்தான் பழைய செய்முறையில் உள்ள ஒரு தேக்கரண்டிக் கடுகு விழுதை நான் விடுவதே இல்லை. காளானை விடவும் மனமில்லை.

இப்போது வெங்காயத்தின் மேல் ஒரு மேசைக்கரண்டி மைதா தூவி, பச்சை வாசனை போகக் கிளறி, ஒரு கோப்பை இறைச்சிச் சாறு ஊற்றி, கடுகு விழுதும் மிளகுத் தூளும் சேர்க்கிறேன். கெட்டிப்பட்டதும் அடுப்பை மிகவும் தணித்துவிடுகிறேன்.

முதல் முறை நான் கோட்டைவிட்டது இங்கேதான். விலை குறைவு என்று 10 விழுக்காடு கொழுப்புள்ள ஸ்மெத்தானாவை வாங்கி வந்து, ‘ஒரு கொதி வரட்டும்’ என்று நம் ஊர் வழக்கப்படி நின்றேன். வந்தது. பால் திரிந்தது போல வெள்ளைத் துணுக்குகள் ஒரு பக்கம், மஞ்சள் தண்ணீர் ஒரு பக்கம். அறைத் தோழர்கள் பசியின் காரணமாக மட்டுமே சாப்பிட்டார்கள். புளிப்பும் கடும் சூடும் சேரும்போது பால் புரதம் இறுகித் திரள்கிறது. கொழுப்பு அதிகமாக இருந்தால் அது புரதங்களுக்கு இடையில் நின்று தடுக்கும், மாவும் அதே வேலையைச் செய்யும். மோர்க்குழம்புக்குப் பருப்பும் அரிசியும் ஊறவைத்து அரைத்து ஊற்றுவதும், ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுவதும் இதற்காகத்தான் என்பது எனக்கு அன்று இரவுதான் உறைத்தது. அம்மா வாரந்தோறும் செய்து காட்டிய பாடம்.

ஆகவே இது 20 விழுக்காடு ஸ்மெத்தானா, 200 கிராம். கிண்ணத்தில் இருக்கும்போதே சூடான குழம்பில் இரண்டு கரண்டி எடுத்து அதில் கலந்து, சூட்டுக்குப் பழக்கிவிட்டுப் பிறகு சட்டியில் ஊற்றுகிறேன். ஸ்மெத்தானா கிடைக்காதவர்கள், கெட்டித் தயிரைத் துணியில் கட்டி நீர் வடியவிட்டு, அதே அளவு ஃப்ரெஷ் கிரீமுடன் கலந்துகொள்ளலாம். ஓரம் லேசாக அசைகிறது, பாருங்கள், இவ்வளவு சூடு போதும். இறைச்சியையும் தட்டில் வடிந்த சாற்றையும் சேர்த்து, உப்பு பார்த்து, ஒரு நிமிடத்தில் அடுப்பை அணைக்கிறேன்.

இதற்குத் தீக்குச்சி போல நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு பழைய துணை. அமெரிக்காவில் முட்டை நூடுல்ஸின் மேல் ஊற்றுகிறார்கள். எனக்கு அந்த முதல் மாதத்துத் தட்டைப் போலப் பிசைந்த உருளைக்கிழங்கும், ஓரத்தில் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயும் வேண்டும். மீதமானால் நாளை மிகச் சிறு தீயில் வைத்துக் கிளறிச் சூடாக்கலாம். ஒளிப்பதிவை இத்துடன் நிறுத்துகிறேன், இன்னும் பேசிக்கொண்டிருந்தால் குழம்பின் மேல் ஆடை கட்டிவிடும்.