லைஃப் வீடு: பட்டியலில் உங்கள் பெயர் எப்போது மேலே வரும்?

(திரையில்: பஞ்சாயத்து ஆபீஸ் நோட்டீஸ் போர்டு)

மூணாறு, மறையூர், வண்டிப்பெரியார் பக்கம், வீடில்லாதவர்களுக்குக் கேரள அரசு உதவும் 'லைஃப்' திட்டத்தில் வீட்டுக்கு எழுதிப் போட்டவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான்: "எனக்குப் பின்னால போட்டவனுக்கு வந்திருச்சு, எனக்கு இன்னும் வரல." சரி, முதலில் அதைப் பார்த்துவிடுவோம். யார் முந்திப் போட்டார் என்பது இங்கே கணக்கே இல்லை, யாருக்குக் கஷ்டம் அதிகம் என்பதுதான் கணக்கு.

2016-ல் கேரள அரசு தொடங்கிய திட்டம் இது. 2020-ல் புதிதாக விண்ணப்பம் வாங்கியபோது மாநிலம் முழுக்க 9 லட்சத்துக்கும் மேல் குவிந்தது. வீடு வீடாகப் போய்ப் பார்த்து, 2022-ல்தான் பட்டியல் வெளியானது. வருட வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், பஞ்சாயத்துப் பகுதியில் 25 சென்டுக்கு மேல் நிலம் இருக்கக்கூடாது. ஒரு ரேஷன் கார்டு என்றால் ஒரு குடும்பம். நம் ஆட்கள் அதிகமாக அடிபடுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான், ஏனென்றால் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கல்யாணம் முடிந்து தனித்தனியாகச் சமைத்தாலும் கார்டு மட்டும் அப்பா பேரிலேயே ஒன்றாகக் கிடக்கும், ஆபீஸ் கண்ணுக்கு அது ஒரே குடும்பம்தான்.

கஷ்டத்தை எப்படி அளக்கிறார்கள்? மாற்றுத்திறனாளி, புற்றுநோய், டயாலிசிஸ், பக்கவாதம், ஆதரவற்ற பெண் என்று சில நிலைமைகளை அரசே வரையறுத்து வைத்திருக்கிறது. உங்கள் வீட்டுக்கு அதில் எத்தனை பொருந்துகிறதோ அந்த அளவுக்குப் பெயர் மேலே ஏறும். சர்டிபிகேட் இல்லாத நோய், அந்தக் கணக்கில் நோயே இல்லை.

(திரையில்: கிராமசபைக் கூட்டம்)

2022-ல் வரைவுப் பட்டியல் வந்ததும் அப்பீல் போட ரெண்டு வாய்ப்பு இருந்தது, ரெண்டாவது கலெக்டர் மட்டத்தில். அதற்கப்புறம் கிராமசபை, கடைசியில் பஞ்சாயத்துக் கமிட்டி ஒப்புதல். கிராமசபையை நாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற கூட்டமாக நினைக்கிறோம், ஆனால் பட்டியலை எல்லார் முன்னாலும் வாசிக்கிற இடம் அது, தகுதி இல்லாத பேரைக் கைகாட்டிக் கேட்கவும் அங்கேதான் முடியும்.

முறை வந்ததும் வி.இ.ஓ., அதாவது கிராம விரிவாக்க அலுவலர், கூப்பிடுவார். சாவி தருவார் என்று போகாதீர்கள், நிலம் இருப்பவர்களுக்குக் கிடைப்பது கட்டுவதற்கான பணம். பொதுவாக 4 லட்சம், உட்காட்டுப் பழங்குடிக் குடிகளுக்கு 6 லட்சம். பஞ்சாயத்தோடு அக்ரிமெண்ட் போட்ட பிறகு அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று வேலை ஏற ஏறத்தான் தவணை வரும். சுமார் 400 சதுர அடி வீடு. கம்பியும் சிமெண்டும் ஜீப்பில் மலை ஏற்றுகிற கூலியை வைத்துப் பார்த்தால் 4 லட்சம் எங்கே போதும், அது வேறு கதை. மூணாறைச் சுற்றி பல வில்லேஜில் வருவாய்த்துறையின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) இல்லாமல் வீடு கட்டும் பர்மிட்டும் கிடைக்காது, அதனால் கூப்பிடும்வரை காத்திருக்காமல் பட்டயத்தையும் (நில உரிமைப் பத்திரம்) நிலவரி ரசீதையும் இப்போதே எடுத்துப் பாருங்கள், அதில் யார் பேர் இருக்கிறது என்று.

நிலமே இல்லாதவர்களுக்குத் தனிப் பட்டியல். எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், மூணு தலைமுறை இருந்தாலும் அந்த வீடு வேலையோடு ஒட்டியது, ரிட்டயர் ஆனால் காலி பண்ண வேண்டும். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்களோடு 70 உயிர் மண்ணுக்குள் போனபோது, எத்தனை பேருக்குச் சொந்தமாக ஒரு சென்ட்கூட இல்லை என்பது வெளியே தெரிந்தது. இவர்களுக்கு நிலமும் சேர்த்துக் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிமாலி மச்சிப்ளாவில் 217 வீடுகளோடு இருப்பது மாதிரி அடுக்குமாடி வர வேண்டும். மலையில் அதற்கு இடம் கிடைப்பதுதான் பெரிய பாடு, அதனால்தான் இந்தப் பட்டியல் நத்தை வேகத்தில் நகர்கிறது.

அப்புறம் ஒன்று. மலையாளம் எழுதத் தெரியாது என்று மனுப் போடாமல் விட்டுவிடாதீர்கள். தேவிகுளம், பீருமேடு மாதிரி தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே மனு எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும், 1969 ஆட்சிமொழிச் சட்டத்திலேயே அது இருக்கிறது. ரெண்டு காப்பி எடுங்கள், ஒன்றில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.