பற்றரி தீப்பிடித்த பாடம்

நேயர்களுக்கு வணக்கம்.

வகுப்பறையில் தொழில்நுட்பம் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். ஒலிபரப்புக் கூடத்துக்குள் உட்கார்ந்து இதைப் பேசுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது 1925இல். பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே பாடம் ஒலிபரப்பிய கல்விச் சேவையும் இலங்கை வானொலியில் இருந்தது. அந்தக் காலத்தில் 'நவீன வகுப்பறை' என்றால் இந்தப் பெட்டிதான்.

நான் கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் தமிழ்மொழி மூலத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தரம் 9இல் 43 பிள்ளைகள். எங்களுக்கு முதலில் வந்தது மல்டிமீடியா, அதாவது லப்டொப்பில் இருப்பதைச் சுவரில் பெரிதாகக் காட்டும் புரொஜெக்டர். அதைக் கொண்டுவந்து, வயர் கொழுவி, லப்டொப்போடு ஒத்துப்போக வைக்கவே 40 நிமிடப் பாடவேளையில் கால்வாசி போய்விடும். அப்புறம் பார்த்தால் வெயிலில் படமே தெரியாது. வகுப்புக்குத் திரைச்சீலை கிடையாது. வீட்டிலிருந்து பழைய சேலை ஒன்றைக் கொண்டுபோய் ஜன்னலில் கட்டினேன். படம் தெரிந்தது, காற்று நின்றது. மதிய வகுப்பில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெண்கட்டியால் எழுதிக்கொண்டிருந்ததையே நான் வெளிச்சத்தால் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் கை அப்போதும் சும்மாதான் இருந்தது.

பிறகு பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஆறு டேப், அதாவது டேப்லட் கணினி, வாங்கித் தந்தார்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்று ஒரு திட்டம் உண்டு. நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. கணினிக்குள்ளேயே செய்து பார்க்கும் விஞ்ஞானப் பரிசோதனைகளை இலவசமாகத் தருகிறார்கள். சில தமிழிலும் இருக்கின்றன. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இன்டர்நெட் தேவையில்லை. எங்கள் பாடசாலையில் அதுதான் பெரிய விஷயம்.

மின்சுற்றுப் பாடத்தைத் திறந்து கொடுத்தேன். ஒரு டேப்புக்கு ஏழு பேர். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விரல் மாற வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் முழங்கை பலமுள்ளவன்தான் விஞ்ஞானி. குமிழை எரிய வைக்கச் சொன்னேன். பின்வரிசையில் ஒருவன் குமிழே வைக்காமல் பற்றரியின் இரண்டு முனையையும் வயரால் நேராக இணைத்துவிட்டான். திரையில் பற்றரி தீப்பிடித்தது! வகுப்பே எழுந்து ஓடி வந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் ஆறு டேப்பிலும் தீ.

அதட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவன் கேட்டான்: "மிஸ், உண்மையான பற்றரியும் இப்படிப் பத்துமா?"

இப்படி நேராக இணைப்பதைத்தான் இத்தனை வருடம் குறுஞ்சுற்று என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை. அடுத்த நாள் ஒரு டோர்ச் பற்றரியும் மெல்லிய வயரும் கொண்டுபோனேன். இணைத்து மூன்று எண்ணுவதற்குள் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லி, என் கண்முன்னேதான் செய்ய விட்டேன். தீ ஒன்றும் வரவில்லை. வயர் சுட்டது. "ஆ" என்று கையை உதறினான். மின்னோட்டம் கூடினால் வெப்பம் கூடும் என்பதை அதற்குப் பிறகு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லாப் பாடத்துக்கும் டேப் வேண்டாம். பூவின் பாகங்களைப் படிப்பிக்க ஒரு செவ்வரத்தம்பூ போதும். அதைத் திரையில் காட்டுவது என்னைப் பொறுத்தவரை சோம்பேறித்தனம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது வேறு ஒரு பாடம் எனக்குக் கிடைத்தது. பல வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன், அதுவும் அப்பாவின் கையில். பகலில் சூம் வகுப்பு வைத்தால் யார் வருவார்கள்? டேட்டாவும் தாங்காது. ஆகவே குரல் பதிவாக மூன்று நிமிடப் பாடங்கள் பேசி வட்ஸ்அப்பில் போட்டேன். அப்பா வீடு திரும்பியதும் பிள்ளை கேட்கும். இரவு ஒன்பதரைக்கு, "மிஸ், ரெண்டாவது விளங்கேல்ல" என்று பதில் வரும். நானும் ஒரு சின்ன வானொலி நடத்தியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லலாம்.

இன்னொன்று, ஆசிரியர்கள் மட்டும் புலம்பும் சங்கதி: பாமினி எழுத்துரு. நாங்கள் வருடக்கணக்காகக் கேள்வித்தாள் அடித்தது அதில்தான். பாமினியில் 'அம்மா' என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். பிள்ளை அதில் எதைப் படிக்கும், எதைத் தேடும்? எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அடித்திருந்தால் எந்தப் போனிலும் தமிழாகவே திறக்கும்.

என் லப்டொப்பில் பாமினிக் கேள்வித்தாள்கள் ஒரு மலை கிடக்கின்றன. மாற்றித் தரும் கருவிகள் உண்டு, ஆனால் எழுத்து அங்கங்கே உடையும், திருத்த வேண்டும். போன தவணை விடுமுறையில் மாணவி ஒருத்தி உதவிக்கு வந்தாள். போனில் இரண்டு கட்டைவிரலால் மளமளவென்று தமிழ் அடிக்கிறாள். நான் ஒரு வரி முடிப்பதற்குள் அவள் ஒரு கேள்வியை முடித்துவிடுகிறாள். நடுவில் நிமிர்ந்து, "மிஸ், பதினொராவது கேள்வி பிழை, ரெண்டு விடை சரியா வருது" என்றாள்.

பார்த்தேன். சரிதான். ஆறு வருடமாக அந்தக் கேள்வியைக் கொடுத்து வந்திருக்கிறேன்.

வணக்கம்.