கூடாரம் அடிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி

வணக்கம் நண்பர்களே. பைக்கில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, பெருஞ்சாலைகளைத் தொடாமல், ஆளரவமற்ற சிறு சாலைகளிலேயே ஐந்தாறு நாள் சுற்றிவருவதற்கு எப்படித் திட்டமிடுவது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். எந்த பைக் வாங்கலாம் என்ற கேள்விக்குள் நான் போகப்போவதில்லை. உங்களிடம் இருக்கும் வண்டி நல்ல நிலையில் இருந்தால் அதுவே போதும்.

பெரும்பாலோர் காலையில் கிளம்பும் இடத்திலிருந்து திட்டமிடத் தொடங்குகிறார்கள். நான் மாலையில் கூடாரம் அடிக்கும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறேன். சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே இரவு தங்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது நான் விட்டுக்கொடுக்காத ஒரே விதி. நிலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும், கூடாரம் அடித்து, சமைத்து, மறுநாளுக்காகச் செயினுக்கு எண்ணெய் விடவும் அந்த இரண்டு மணி நேரம் சரியாக இருக்கும்.

இந்த விதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் பயணத்தில் ஒரு நாளைக்கு 320 கிலோமீட்டர் என்று வரைபடத்தில் கோடு போட்டுவிட்டுக் கிளம்பினேன். வளைவுகளும் குழிகளும் புகைப்படத்துக்காக நிறுத்திய இடங்களும் சேர்ந்து நேரத்தை விழுங்கிவிட, முழு இருட்டில் ஹெட்லைட் வெளிச்சத்தில் மணற்பாங்கான ஒரு சமதளத்தைக் கண்டு, இதைவிட மெத்தென்ற இடம் கிடைக்காது என்று கூடாரத்தை அடித்துப் படுத்துவிட்டேன். விடிந்து வெளியே வந்து பார்த்தால், சுற்றியிருந்த புதர்களின் கிளைகளில் இடுப்பளவு உயரத்தில் காய்ந்த புல்லும் சுள்ளியும் சிக்கியிருந்தன. அனைத்தும் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. நான் இரவு முழுவதும் உறங்கியது வறண்ட ஓடையின் நடுவில். மேலே எங்காவது மலையில் மழை பெய்திருந்தால், அங்கே ஒரு துளிகூட விழாமலேயே வெள்ளம் வந்திருக்கும்.

ஆகவே தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல் மணிக்கணக்கில் அளந்து பழகுங்கள். சிறு சாலைகளில், நிறுத்தங்களையும் சேர்த்தால், சராசரி வேகம் மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் என்றால் 150 முதல் 200 கிலோமீட்டர் ஆயிற்று. கேட்பதற்குக் குறைவாகத்தான் இருக்கும்; ஆனால் காட்சிகளைப் பார்ப்பதற்காகப் போகும் பயணத்தில் ஓடோமீட்டருக்குத் தீனி போட்டு என்ன பயன்?

வழி காட்டும் செயலிகள் இயல்பாகவே விரைவான சாலையைத்தான் தேர்ந்தெடுக்கும். நெடுஞ்சாலையைத் தவிர்க்கச் சொன்னாலும், அடுத்து வேகமான பரபரப்புச் சாலையில் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் நான் 2004-இல் தொடங்கப்பட்ட, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவை அடிப்படையாகக் கொண்ட வரைபடங்களில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளை இயக்கிவிட்டு, சாலையைக் கையாலேயே புள்ளி புள்ளியாக வரைந்துகொள்கிறேன். ஆற்றை ஒட்டியோ மலைமுகட்டின் மேலோ நெளிந்துபோகும் மெல்லிய கோடுகள்தான் பெரும்பாலும் நல்ல காட்சிகளைத் தருகின்றன. தன்னார்வலர்கள் பல இடங்களில் தார், சரளை, மண் என்று சாலையின் தரத்தையும் அதில் குறித்திருப்பார்கள். குறிப்பு இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிடலாம். வரைந்து முடித்த வழியை வழி காட்டும் செயலிகள் படிக்கக்கூடிய ஜிபிஎக்ஸ் கோப்பாகச் சேமித்து, வரைபடத்தையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அழகான பள்ளத்தாக்குகளுக்கும் அலைபேசி சிக்னலுக்கும் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. அதே வழியின் நகலொன்று வீட்டிலும் ஒருவரிடம் இருக்கட்டும்.

முடிந்தவரை காலையில் மேற்கு நோக்கியும் பிற்பகலில் கிழக்கு நோக்கியும் போகுமாறு சுற்றுப்பாதையை அமைத்தால், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். கண் கூசாது, முன்னே விரியும் நிலமும் பொன்னிறத்தில் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணில்தான் வெயில் அடிக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஹெட்லைட் எரிந்தபடியே இருக்கட்டும்.

பெட்ரோல் கணக்கு எளியது. 12 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்றால் தாளில் 420 வரும். சுமையும் ஏற்றமும் இருப்பதால் நான் அதில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 280-ஐ மட்டுமே நம்புவேன். டேங்க் பாதியாகிவிட்டால், கண்ணில் படும் முதல் பெட்ரோல் பங்க்கிலேயே நிரப்பிவிடுவேன்.

சுமையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பைக்கின் குணமே இதில்தான் மாறிப்போகிறது. வண்டி தாங்கக்கூடிய அதிகபட்ச எடை கையேட்டில் இருக்கும். அந்த எண்ணில் உங்கள் உடல் எடையும் அடக்கம். கனமான கருவிகளும் தண்ணீரும் தாழ்வாகவும் வண்டியின் நடுவுக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும். பின்சக்கரத்தின் அச்சுக்கு அப்பால் கனத்தைக் கட்டினால் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் அலைய ஆரம்பிக்கும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு குலுக்கலில் நெகிழ்ந்துவிடும் என்பதால் பக்கிள் வைத்த பட்டைகளையே பயன்படுத்துகிறேன். இறுக்கிய பிறகு தொங்கும் மிச்ச நுனியை மடித்துச் செருகிவிடுங்கள். அது செயினில் சிக்கினால் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளக்கூடும். டயர் காற்றழுத்தத்தை முழுச் சுமைக்குரிய அளவில், ஓட்டத் தொடங்குமுன் டயர் குளிர்ந்திருக்கும்போதே சரிபார்க்க வேண்டும். கூடாரத்தை எல்லாவற்றுக்கும் மேலே கட்டினால், மழையில் போய் இறங்கும்போது மற்ற மூட்டைகளைப் பிரிக்காமலேயே அதை விரித்துவிடலாம்.

உறக்கத்துக்கு வருவோம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஸ்லீப்பிங் பேக்கில் பெரும்பாலும் இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். எப்படியோ சமாளித்துவிடக்கூடிய குளிரைக் குறிக்கும் எல்லை வெப்பநிலையை நம்பாமல், அதைவிடச் சற்று அதிகமாக இருக்கும் சௌகரிய வெப்பநிலையைப் பார்த்து வாங்குங்கள். பையைவிட அடியில் விரிக்கும் பாயில் செலவு செய்வதே மேல் என்பது என் கருத்து, ஏனெனில் உடல் எடையில் நசுங்கிய பையின் அடிப்பாகம் குளிரைத் தடுப்பதில்லை. தரை உங்கள் சூட்டை இரவு முழுவதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குளிர்காற்று இறங்கித் தேங்கும் பள்ளத்தின் அடியைவிடச் சரிவில் கொஞ்சம் மேலே உள்ள மேடு கதகதப்பாக இருக்கும். எவ்வளவு குளிரினாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது யாருடைய நிலம், அங்கே தங்க அனுமதி உண்டா என்பதை முதலில் தெரிந்துகொண்டு, பிறகு அண்ணாந்து பார்த்துப் பட்ட கிளைகள் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்தது பைக்கை நிறுத்துவது. என் கையில் இருக்கும் இந்தப் பலகைத் துண்டைப் பாருங்கள். உள்ளங்கை அகலம், விரல் தடிமன், மூலையில் ஒரு துளை, அதில் ஹேண்டில்வரை எட்டும் ஒரு கயிறு. ஈரமண்ணில் சைடு ஸ்டாண்டின் நுனி மெல்ல மெல்லப் புதைந்து, நள்ளிரவில் வண்டி சாய்ந்துவிடும். இந்தப் பலகையை ஸ்டாண்டின் அடியில் வைத்துவிட்டு, கயிற்றின் மறுநுனியை ஹேண்டிலில் கட்டிவிட்டால் காலையில் மறந்துபோகவும் வழியில்லை. வண்டியை முதல் கியரில் நிறுத்துங்கள். அது எந்தப் பக்கம் விழுந்தாலும் கூடாரத்தின் மேல் விழாத தூரம் இருக்கட்டும்.

நீண்ட பயணத்துக்கு முன், வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடத்தில் ஒரே ஓர் இரவு, முழுச் சுமையுடன், ஒத்திகையாகத் தங்கிவிட்டு வாருங்கள். காலையில் எழுந்ததிலிருந்து வண்டி நகரும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் முறை இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த எண்ணையும் கழித்த பிறகுதான் அன்றைய பகலில் உங்கள் கையில் எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்பது தெரியும். வரைபடத்தில் கோடு வரைவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.