ரைசன் 7800எக்ஸ்3டியா, இன்டெல் 14700கேவா?

வணக்கம் நேயர்களே. புதுசா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப்போறேன்னு ஒருத்தர் சொன்னா அடுத்த கேள்வியே ஏஎம்டி போடவா இன்டெல் போடவாங்கறதுதான். அதுக்கு எல்லாருக்கும் பொதுவா ஒரே பதில் சொல்ல முடியாது, அதனால இன்னிக்கு ரெண்டே ரெண்டு ப்ராசஸர எடுத்துக்கிட்டு கொஞ்சம் நிதானமா பேசலாம்னு வந்திருக்கேன். ஒண்ணு ஏஎம்டியோட ரைசன் 7 7800எக்ஸ்3டி, 2023 ஏப்ரல்ல வந்தது. இன்னொண்ணு இன்டெல்லோட கோர் ஐ7 14700கே, அதே வருஷம் அக்டோபர்ல வந்தது. அமெரிக்காவுல வந்த அன்னிக்கு விலை ஒண்ணு 449 டாலர், இன்னொண்ணு 409 டாலர், அதனால ஒரே பட்ஜெட்காரங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுத்தான் பாப்பாங்க. ரெண்டு கம்பெனியும் அதுக்கப்புறம் புதுசு விட்டாச்சு, ஆனா எதை வெச்சு ப்ராசஸர் தேர்ந்தெடுக்கணும்னு புரிஞ்சுக்க இந்த ஜோடி மாதிரி நல்ல ஜோடி வேற இல்லன்னு நான் நெனைக்கிறேன்.

முதல்ல பெட்டியில போட்டிருக்குற கணக்கு. கோருங்கறது ப்ராசஸருக்குள்ள வேலை செய்யுற பகுதி, த்ரெட்டுங்கறது ஒரே நேரத்துல அதுல ஓடக்கூடிய வேலை. 14700கேவுல 20 கோர், 28 த்ரெட், ஸ்பீடு 5.6 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். 7800எக்ஸ்3டியில வெறும் 8 கோர், 16 த்ரெட், ஸ்பீடும் 5 கிகாஹெர்ட்ஸோட நின்னுடும். இதை மட்டும் பாத்தா இன்டெல் பக்கம்தான் கை போகும், ஆனா ரெண்டுலயும் ஒரே கிராஃபிக்ஸ் கார்டைப் போட்டு கேம் ஓட்டிப் பாத்தா பெரும்பாலான கேம்ல அந்த எட்டு கோர்காரன்தான் முன்னாடி நிக்கிறான்.

ஏன்னா கேம்ல ப்ராசஸர் கணக்கு போடுற நேரத்தவிட டேட்டாவுக்காக காத்துக் கெடக்குற நேரம் நெறைய. ஒரு செகண்டுக்கு 144 ஃப்ரேம், அதாவது 144 படம், வேணும்னா ஒரு ஃப்ரேமுக்கு ஏழு மில்லிசெகண்டுதான் கெடைக்கும், அதுக்குள்ள யாரு எங்க நிக்கிறான், எந்த குண்டு எங்க போகுது, எந்த கதவு தொறந்திருக்குன்னு ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன தகவல மெமரியில அங்கங்க தேடி எடுக்கணும். ஒவ்வொரு தடவையும் ராம்ங்கற மெயின் மெமரி வரைக்கும் போய்ட்டு வர எழுபது எண்பது நானோசெகண்டு ஆகும், கேக்க சின்னதா இருக்கும், ஆனா 5 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுற கோருக்கு அது முந்நூத்தி அம்பது நானூறு சைக்கிள் சும்மா நிக்கிற நேரம். சமைக்கிறப்ப அஞ்சறைப்பெட்டி கைக்கிட்ட இருந்தா கடுகு சீரகம்னு எடுத்து எடுத்து போட்டுக்கிட்டே போலாம், ஒவ்வொண்ணுக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓடுனா தாளிப்பு கருகிடும், அந்த அஞ்சறைப்பெட்டிதான் கேஷ் மெமரி. 14700கேவுல எல்3 கேஷ் 33 எம்பி. 7800எக்ஸ்3டியில 96 எம்பி. சாதாரணமா இருக்குற 32 எம்பிக்கு மேல இன்னொரு 64 எம்பி சிப்ப அப்படியே சிலிக்கான் மேல சிலிக்கானா அடுக்கி ஒட்டியிருக்காங்க, பேருல வர்ற 3டிங்கறது அதுதான். அந்த அடுக்கோட விலையா ஸ்பீட கொஞ்சம் குறைக்க வேண்டி வந்துச்சு, ஏன்னா கீழ இருக்குற கோரோட சூடு மேல இருக்குற கேஷ தாண்டித்தான் கூலருக்கு வரணும். அடுத்து 2024 நவம்பர்ல வந்த 9800எக்ஸ்3டியில கேஷ அடியில வெச்சு கோர மேல கொண்டுவந்துட்டாங்க, ஸ்பீடும் ஏறுச்சு. எனக்கு இந்த மாதிரி விஷயம்னா ரொம்பப் பிடிக்கும், 7800எக்ஸ்3டியில கோர் எண்ணிக்கைய கூட்டாம ஸ்பீடையும் கூட்டாம, காத்திருக்குற நேரத்த குறைச்சே ஒரு சிப்ப முன்னாடி கொண்டுவர முடியும்னு காட்டிட்டாங்க.

எல்லா கேம்லயும் ஒரே அளவு வித்தியாசம் வராது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், அசெட்டோ கோர்சா கொம்பெடிட்சியோனே, ஃபேக்டோரியோ மாதிரி ப்ராசஸர புடிச்சு உலுக்குற கேம்ல நல்லா தெரியும், வேற சிலதுல ரெண்டும் கிட்டத்தட்ட சமமா வரும். ஆவரேஜ் எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு சராசரியா எத்தன ஃப்ரேம்ங்கறது, மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஒரு பர்சென்ட் லோன்னு ஒரு நம்பர் போடுவாங்க, கேம் தடுமாறுற அந்த மோசமான நேரத்துல எவ்வளவு ஃப்ரேம் வருதுங்கறது அதுலதான் தெரியும், கண்ணுக்கு உறுத்துறது அந்த தடுமாற்றம்தான். பெரிய கேஷ் அங்கயும் நல்லா உதவுது.

ஆனா ஒண்ணு, 4கே மானிட்டர்ல எல்லா செட்டிங்ஸையும் ஏத்தி வெச்சு விளையாடுறீங்கன்னா இவ்வளவு நேரம் நான் சொன்ன வித்தியாசத்துல முக்கால்வாசி காணாமப் போயிடும், ஏன்னா அங்க மூச்சு வாங்குறது கிராஃபிக்ஸ் கார்டு, ப்ராசஸர் அதுக்காக காத்துக்கிட்டிருக்கும். இருபதாயிரம் ரூபா கையில மிச்சம் இருந்தா முதல்ல கிராஃபிக்ஸ் கார்டுல போடுங்க, கடைக்காரர் வேற மாதிரி சொன்னாலும் போடுங்க. 1080பியில 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வெச்சுக்கிட்டு போட்டி கேம் ஆடுறவங்களுக்குத்தான் ப்ராசஸர்ல போடுற காசு முழுசா திரும்பி வரும்.

இப்போ வேலை பக்கம் வருவோம், இங்க கதை அப்படியே தலைகீழ். 14700கேவோட 20 கோர்ல எட்டு பெரிய கோர், பன்னெண்டு சின்ன கோர். சின்ன கோரெல்லாம் சும்மா எண்ணிக்கைக்குன்னு கிண்டல் பண்றவங்கள நான் நிறைய பாத்திருக்கேன், அது தப்பு. பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல ப்ராசஸர வெச்சு ரெண்டர் போடுறப்ப, அதாவது கடைசி படத்த உருவாக்குறப்ப, பெரிய ப்ராஜெக்ட் கோடு கம்பைல் பண்றப்ப, வீடியோ என்கோட் பண்றப்ப அந்த பன்னெண்டும் சேந்து உழைக்கும், இந்த மாதிரி எல்லா கோரையும் கேக்குற வேலையில 14700கே கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகம். ஒரு மணி நேரம் ஆகுற ரெண்டர் அர மணியில முடியுதுன்னா வேலையே அதுவா இருக்குறவங்களுக்கு அது சாதாரண விஷயமா?

நம்ம ஊர்ல இன்னொரு கூட்டம் இருக்கு, கல்யாண வீடியோ எடிட் பண்றவங்க, அவங்களுக்காக கொஞ்சம் தனியா சொல்லணும். சோனி ஏ7 ஃபோர் மாதிரி கேமராவுல ஹெச்.265ங்கற சுருக்குன வீடியோ ஃபார்மட்ல, கலர் தகவல் அதிகமா இருக்குற 10 பிட் 4:2:2ன்னு ஷூட் பண்ணிட்டு வருவாங்க, அந்த ஃபைல டைம்லைன்ல போட்டு இழுத்தா சாதாரண சிஸ்டம் திக்கித் திணறும். இன்டெல் ப்ராசஸருக்குள்ள இருக்குற சின்ன கிராஃபிக்ஸ்ல க்விக் சிங்க்னு ஒரு பகுதி இருக்கு, அது அந்த ஃபைல ஹார்டுவேர்லயே பிரிச்சுக் குடுத்துடும், டைம்லைன் வழுக்கிக்கிட்டு போகும். 7800எக்ஸ்3டிக்குள்ள இருக்குற கிராஃபிக்ஸுக்கு அந்த வசதி இல்ல. என்விடியாவோட 50 சீரிஸ் கார்டுல இப்போ இந்த 4:2:2 வசதிய கொண்டுவந்துட்டாங்க, அதனால அந்த கார்டு வாங்குறவங்களுக்கு இந்த காரணம் அடிபட்டுப் போகுது, பழைய கார்டையே வெச்சிருக்குறவங்களுக்கு இன்னும் செல்லும்.

கரண்டு, சூடு. வெயில் காலத்துல ஏசி இல்லாத ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர் ஓட்டுறவங்க இத காது குடுத்துக் கேக்கணும். முழு லோடுல 14700கே 253 வாட் வரைக்கும் இழுக்கும்னு இன்டெல்லே போட்டிருக்கு, நல்ல பெரிய கூலர் இல்லாம அதை அடக்க முடியாது. 7800எக்ஸ்3டி கேம்ல பெரும்பாலும் அம்பதுலேர்ந்து எண்பது வாட்டுக்குள்ளயே முடிச்சுக்குது. கேம் ஆடுறப்ப ரெண்டுக்கும் நடுவுல நூறு வாட் வித்தியாசம்னு வெச்சுக்குங்க, தினம் நாலு மணி நேரம் ஆடுனா ரெண்டு மாச பில்லுல 24 யூனிட்டு. இலவச யூனிட்ட தாண்டி ஸ்லாப் ஏறிக்கிட்டு போற வீட்ல அது சின்ன தொகை இல்ல. அதோட பல வீட்ல இருக்குற 600 விஏ யூபிஎஸ் கிட்டத்தட்ட 360 வாட்தான் தாங்கும், ப்ராசஸரே 250 இழுத்து கிராஃபிக்ஸ் கார்டு ஒரு 200 இழுத்தா கரண்டு போன அந்த செகண்டே எல்லாம் ஆஃப் ஆயிடும். 14700கே வாங்குறவங்க பயாஸ்ல, அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகுறப்ப போற அடிப்படை செட்டிங்ஸ்ல, பவர் லிமிட்ட 125 வாட்டுல கட்டி வைங்க, கேம்ல பெருசா ஒண்ணும் குறையாது, ரெண்டர்ல கொஞ்சம் குறையும், வீடு நிம்மதியா இருக்கும். 7800எக்ஸ்3டி வாங்கிட்டு எண்பது டிகிரி காட்டுதேன்னு பயந்து போன் பண்றவங்களும் உண்டு, 89 வரைக்கும் அதுக்கு அனுமதி இருக்கு, பயப்படாதீங்க.

இனிமேதான் எனக்கு முக்கியமான விஷயம். நீங்க ப்ராசஸர் வாங்குறப்ப அதோட சேத்து ஒரு சாக்கெட்டையும், அதாவது மதர்போர்டுல ப்ராசஸர் உக்காருற இடத்தையும், வாங்குறீங்க, அஞ்சாறு வருஷம் கழிச்சு உங்க காச மிச்சம் பண்றதும் கரைக்கிறதும் அந்த சாக்கெட்டுதான். 14700கே உக்காருறது எல்ஜிஏ1700 சாக்கெட்டுல, அது 12ஆம் ஜெனரேஷனோட 2021 கடைசியில வந்துச்சு, 14ஆம் ஜெனரேஷனோட முடிஞ்சுது. 2024 அக்டோபர்ல வந்த கோர் அல்ட்ராவுக்கு சாக்கெட்டே வேற. அதாவது 14700கே வாங்குறவங்க அந்த போர்டுல போகக்கூடிய உச்சிக்கு கிட்டத்தட்ட வந்தாச்சு, அடுத்து மாத்தணும்னா போர்டோட மாத்தணும். 7800எக்ஸ்3டி இருக்குறது ஏஎம்5ல, 2022 செப்டம்பர்ல வந்த சாக்கெட், 9000 சீரிஸும் அதுலயே உக்காருது, 2027 வரைக்கும் அதுக்கு மேலயும் ஆதரவு உண்டுன்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. இது வெறும் வாக்குறுதின்னு நெனைக்கிறவங்க ஏஎம்4ஓட கதைய பாக்கணும், 2017ல முதல் ரைசனோட பி350 போர்டு வாங்குன நிறைய பேர் 2022க்கு அப்புறம் பயாஸ் அப்டேட் மட்டும் போட்டுட்டு அதே போர்டுல 5800எக்ஸ்3டிய உக்கார வெச்சாங்க. போர்டு அதே, ராம் அதே, ஆனா அஞ்சு வருஷ முன்னேற்றம் ஒரே மதியத்துல வந்து சேந்துச்சு. நாளைக்கு உங்களுக்கு கேமோட சேந்து எடிட்டிங் வேலையும் வந்துட்டா இதே ஏஎம்5 போர்டுல 16 கோர் 9950எக்ஸ் போட்டுக்கலாம், அந்த வழி தொறந்திருக்கு.

ராம் விஷயத்துல இன்டெல்லுக்கு ஒரு நியாயம் இருக்கு. ஏஎம்5க்கு டிடிஆர்5ங்கற புது வகை ராம் மட்டும்தான், எல்ஜிஏ1700ல பழைய டிடிஆர்4 போர்டும் கெடைக்கும். 2025 கடைசியிலேர்ந்து ராம் விலை ஏறுன ஏத்தத்துல, கையில நல்ல டிடிஆர்4 32 ஜிபி வெச்சிருக்குறவங்க அத தூக்கிப் போட மனசு வராம 14700கே எடுத்தா நான் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பக்கம் எக்ஸ்3டிக்கு பெரிய கேஷ் இருக்குறதால விலை ஒசந்த அதிவேக ராம் தேவையில்ல, சாதாரண டிடிஆர்5லயே நல்லா ஓடும்.

நம்பகத்தன்மை பத்தி பேசாம போக முடியாது. 2024ல 13ஆம், 14ஆம் ஜெனரேஷன் இன்டெல் டெஸ்க்டாப் சிப்புல கேம் கிராஷ் ஆகுதுன்னு பெரிய புகார் கெளம்புச்சு, தேவைக்கு மேல வோல்டேஜ் போய் சிப்புக்குள்ள இருக்குற சர்க்யூட் தேஞ்சுபோறதுதான் காரணம்னு இன்டெல் ஒத்துக்கிச்சு, ஆகஸ்ட் 2024லேர்ந்து சிப்புக்குள்ள ஓடுற மைக்ரோகோடுக்கு பயாஸ் வழியா அப்டேட் விட்டாங்க, பெட்டியோட வர்ற ப்ராசஸருக்கு வாரண்டிய மூணு வருஷத்துலேர்ந்து அஞ்சாக்குனாங்க. அப்டேட் இனிமே வர்ற சேதத்தத்தான் தடுக்கும், ஏற்கனவே தேஞ்சத சரி பண்ணாது. ஏஎம்டியும் தப்பிக்கல, 2023 ஏப்ரல்ல சில போர்டுல 7800எக்ஸ்3டி கருகிப்போன படமெல்லாம் வெளிய வந்துச்சு, ப்ராசஸருக்குள்ள மெமரி கன்ட்ரோலர் மாதிரி பகுதிக்குப் போற எஸ்ஓசி வோல்டேஜ 1.3 வோல்ட்டுக்கு மேல போகவிடாம பயாஸ்ல கட்டிப்போட்ட பிறகுதான் அது அடங்குச்சு.

என் முடிவ கேட்டா, கேம்தான் முக்கியம்னா யோசிக்காம 7800எக்ஸ்3டி, அதே விலைக்கு பக்கத்துல 9800எக்ஸ்3டி கெடச்சா அது. ரெண்டர், கம்பைல், எடிட்டிங்ல சம்பாதிச்சு சாயங்காலம் கேம் ஆடுறவங்களுக்கு 14700கே, பவர் லிமிட்டோட. அப்புறம் செகண்ட் ஹேண்ட்ல 14700கே வாங்குறவங்க பில் இருக்கா, பெட்டியோட வந்ததா, பெட்டி இல்லாம மொத்தமா விக்கிற ட்ரேல வந்ததான்னு கேளுங்க, முந்தி ஓடுன போர்டுல பயாஸ் எப்ப அப்டேட் பண்ணாங்கன்னு கேளுங்க, முடிஞ்சா அவங்க சிஸ்டத்துலயே ஒரு அர மணி நேரம் கேமும் ரெண்டரும் ஓட்டிப் பாத்துட்டு காச குடுங்க. பில் இல்லன்னு சொன்னா விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் வந்துடுங்க. வணக்கம்.